ஆசிரியை ஆகப் போகிறீர்களா? 60 வயதையும் நினையுங்கள்

"டீச்சர் வேலை பெண்களுக்கு ஏற்றது, கடைசிக் காலத்தில் பென்ஷனும் வரும்." எஸ்பிஎம் முடித்த பெண்பிள்ளைகள் வீட்டில் கேட்டுப் பழகிய அறிவுரை இது. இதன் இரண்டாம் பாதி இப்போது மாறிவிட்டது.

2024 பிப்ரவரி 1 முதல் மலேசிய அரசுப் பணியில் புதிதாகச் சேருவோருக்கு மாத ஓய்வூதியம் கிடையாது. அவர்களுக்கு ஊழியர் சேமநிதி, அதாவது இபிஎஃப்தான். இன்று ஆசிரியர் கல்விக் கழகத்தில் படிக்கும் மாணவியருக்கும் இதே நிலைதான்.

வித்தியாசம் என்ன? பழைய திட்டத்தில் 30 ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியைக்குக் கடைசிச் சம்பளத்தில் 60 விழுக்காடு ஓய்வூதியமாகக் கிடைக்கும். சம்பளம் 6,000 வெள்ளி என்றால் மாதம் 3,600 வெள்ளி, ஆயுள் முழுதும். சேமநிதி அப்படியல்ல. நம் சம்பளத்தில் பிடிக்கப்படும் 11 விழுக்காடு, முதலாளி செலுத்தும் சந்தா, ஆண்டுதோறும் வரும் லாப ஈவு ஆகியவை சேர்ந்ததே நம் இருப்பு. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துவிடும்.

பெண்களுக்கு இதில் இரண்டு சிக்கல்கள். அவர்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிட அதிகம். ஆகவே பணம் கூடுதல் ஆண்டுகளுக்கு வர வேண்டும். பிள்ளை வளர்ப்புக்கும் பெற்றோரைக் கவனிக்கவும் சம்பளமில்லா விடுப்பு எடுப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. சம்பளம் இல்லாத மாதத்தில் சந்தாவும் இல்லை.

தாமதத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 5 விழுக்காடு வருமானம் என்று வைத்துக்கொள்வோம். 25 வயதிலிருந்து மாதம் 100 வெள்ளி கூடுதலாகச் சேமிப்பவரிடம் 60 வயதில் சுமார் 113,000 வெள்ளி இருக்கும். 35 வயதில் தொடங்குபவரிடம் 60,000 வெள்ளிகூட இருக்காது. பின்னவர் குறைவாகப் போட்டது வெறும் 12,000 வெள்ளி. இழந்ததோ 50,000 வெள்ளிக்கும் மேல்!

என்ன செய்யலாம்? முதல் சம்பளத்திலேயே ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதற்காகச் சேமநிதியின் மூன்றாவது கணக்கைக் காலி செய்யாதீர்கள். விடுப்பில் இருக்கும்போதும் முடிந்த அளவு சுயமாகச் சந்தா செலுத்துங்கள். திருமணத்துக்குப் பின் பணத்தைப் பற்றிக் கணவருடன் வெளிப்படையாகப் பேசுங்கள். கணவர் தம் சந்தாவில் 2 விழுக்காட்டை மனைவியின் கணக்குக்கு மாற்றும் வசதியும் சேமநிதியில் உண்டு.

உங்கள் பள்ளியில் விரைவில் ஓய்வுபெறும் ஆசிரியை இருந்தால், "எப்படிச் சேமித்தீர்கள் டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாடநூலில் இல்லாத பாடம் அது.