பந்தய எஞ்சினின் இணைப்புத் தண்டு

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுவோர் மகாகஸ்தோட்டை என்னும் பெயரை அறிவர். 1934ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய மலையேற்ற மோட்டார்ப் பந்தயத்தில் வண்டிகள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே, நின்ற நிலையிலிருந்து கிளம்பிக் கடிகாரத்தோடு போட்டியிடும். அமெரிக்கர் நேர்ச்சாலையிற் கால் மைல் தூரத்துக்கு வளர்த்தெடுத்த ‘டிராக்’ பந்தயம் இதற்கு நெருங்கிய உறவு. இரண்டிலும் எஞ்சின் உழைக்கும் நேரம் சிறிது, உழைப்போ கடிது.

அத்தகைய எஞ்சினை அமைப்போர் முதலிற் கருதவேண்டியது இணைப்புத் தண்டு. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுழலும் கிராங்குத் தண்டோடு பிணைப்பது இதுவே. வாயு வெடித்துப் பிஸ்டனைக் கீழே தள்ளும்போதுதான் இது முறியும் எனப் பலர் எண்ணுவர். உண்மை பெரும்பாலும் வேறு. அமுக்கத்தைத் தாங்கும் தண்டு இழுவையிலே தோற்கும். புகையை வெளியேற்றி மேலே விரையும் பிஸ்டனை நிறுத்தித் திருப்பி இழுக்கும் வேளையில், அதற்கு எதிராக நின்று உதவ வாயு அழுத்தம் இல்லை. முழுப் பாரமும் தண்டின் மேலதே. அரைக் கிலோ நிறையுள்ள பிஸ்டன் 80 மில்லிமீற்றர் வீச்சில், நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால், அந்த இழுவை ஏறக்குறைய ஒரு தொன் பாரத்துக்கு நிகராகும். சுற்று 9,000 ஆனால், வேகம் ஒன்றரை மடங்கே. இழுவை இரண்டேகால் மடங்கு!

ஆதலின், எத்தனை குதிரைவலு என்பதிலும் எத்தனை சுற்று என்பதே முதற் கேள்வி. சுற்று மிகாதவிடத்து, வெடிப்பற்ற பழைய உருக்குத் தண்டே போதும். மிகுமிடத்து அடித்து உருவாக்கிய கலப்புருக்கு வேண்டும். டிராக் பந்தயத்தின் மிகப் பெரிய எஞ்சின்களில் அலுமினியத் தண்டுகள் பயன்படுகின்றன. அவை இலேசானவை, அதிர்ச்சியையும் ஓரளவு ஏற்கும். எனினும் விரைவிற் சோர்வுறும். சில ஓட்டங்களுக்கொரு முறை மாற்றியாகவேண்டும். பந்தயத்துக்கென அவற்றைப் பூட்டிவிட்டு, அதே வண்டியில் நாள்தோறும் கடுகண்ணாவை ஏற்றம் ஏறுவது பேதைமை.

விலையுயர்ந்த தண்டை வாங்கி, அதிற் பழைய போல்ட்டுகளையே முறுக்குவோரும் உளர். தண்டின் அடிமூடியைப் பற்றிநிற்பவை அவையே. ஒன்று அறுந்தால் தண்டு எஞ்சினின் சுவரைத் துளைத்து வெளிவரும். சிந்திய எண்ணெய் பின்சில்லை நனைக்கும். மலைப்பாதையின் வளைவிலே அது நிகழுமாயின் ஓட்டுநருக்கும் ஓரத்தில் நிற்போருக்கும் உயிராபத்து. ஆகவே தேர்ந்த வினைஞர் புதிய போல்ட்டையே இடுவர். அதனை முறுக்கியபின் எவ்வளவு நீண்டுள்ளது என்பதையும் நுண்மானியால் அளந்து பார்ப்பர்.