உங்களுக்குத் தெரியுமா? வீட்டு வரிக்குள் ஒரு புத்தகம்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ உங்களுக்குச் சொந்த வீடு இருந்தால், நீங்களும் ஒரு நூலகப் புரவலர்தான். சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. ரூபாய்க்கு 10 காசு. கிளை நூலகங்களின் புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் அந்தப் பணம்தான் பெரிய ஆதாரம். வரி கட்டிவிட்டு ஒருநாளும் உள்ளே போகாதவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இதற்கு அடிப்படை 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. கொண்டுவந்தவர் அன்றைய கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அதற்காகப் பல ஆண்டுகள் விடாமல் போராடியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆள் நூலகத்தைத் தேடி வர முடியாவிட்டால் நூலகம் ஆளைத் தேடிப் போக வேண்டும் என்பது அவர் கட்சி. 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, அது கண்ணெதிரே நடந்தது.

இன்று கிளை நூலகங்களில் காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள் இருப்பார்கள். பக்கத்து மேசையில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைக்கு அந்த மேசைதான் படிப்பறை. எந்தப் புத்தகம் வேண்டுமென்று சொல்லத் தெரியாமல் தயங்கி நின்றால், நூலகரிடம் கேளுங்கள்.