கேள்வி நேரம்

பார்லிமெண்டில் நடப்பதெல்லாம் வெறும் கூச்சல் என்று அலுத்துக் கொள்பவர்கள் நம்மில் அநேகர். ஆயினும் லோக் சபாவின் ஒவ்வொரு நாள் அலுவலுக்கும் முன்கூட்டியே வகுத்த நிகழ்ச்சி நிரல் உண்டு.

காலை 11 மணிக்குச் சபை கூடியதும் முதல் அலுவல் கேள்வி நேரந்தான். நாளொன்றுக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியுடன் பட்டியலில் இடம் பெறும். அவற்றுக்கு மந்திரி எழுந்து நின்று வாய்மொழியாக விடையளிக்க வேண்டும். அங்கத்தினர்கள் துணைக் கேள்விகள் போட்டு மடக்கலாம். குறியில்லாத கேள்விகளுக்கு எழுத்து மூலமே பதில். பகல் 12 மணிக்கு மேல் அவசர விஷயங்கள், அப்பால் மசோதாக்கள்.

அந்த ஒரு மணி நேரத்தை அற்பமென்று எண்ணலாகாது. ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷனின் பணம் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்ட விவகாரம் 1957-ல் லோக் சபாவில் கேள்வியாகத்தான் கிளம்பிற்று. ஆளுங் கட்சியைச் சேர்ந்த பிரோஸ் காந்தியே அதை விடாப்பிடியாகத் துருவினார். நீதிபதி சாக்ளா பகிரங்க விசாரணை நடத்தினார். 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமாச் செய்ய நேர்ந்தது.

2020 செப்டம்பரில், கொரோனா நோயை முன்னிட்டு, கேள்வி நேரத்தையே நிறுத்தி வைத்தார்கள். மற்றக் காலங்களிலோ பல நாள் அமளி அதை விழுங்கிவிடுகிறது. அப்போதும் பதில்கள் அச்சில் வந்து சேரும், வாஸ்தவந்தான். ஆனால் அச்சிட்ட காகிதத்தை எதிரே நிறுத்தி மடக்கிக் கேட்க முடியுமா? சபை ஒத்திவைக்கப்பட்டால் மந்திரிக்கு ஒரு மணி நேர ஓய்வு; நஷ்டமெல்லாம் ஜனங்களுக்கே!