பனிப்பாதையில் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு

பின்லாந்து தேசத்தின் வடபகுதியில், பாத்னியா வளைகுடாவின் கரையில், வட அட்சம் 65 பாகையை ஒட்டி அமைந்த ஊலு நகரத்தில், டிசம்பர் மாதத்துப் பகற்பொழுது நான்கு மணி நேரத்துக்கும் குறுகிப்போகிற நாட்களிலும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் அலுவலகத்துக்குச் செல்லும் பெரியவர்களும் சைக்கிளைக் கைவிடுவதில்லை. 900 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சைக்கிள் பாதைகளும், அவற்றில் விழும் பனியை வாரி ஒதுக்கும் வண்டிகளும் அவர்களுக்குத் துணை. குளிர்கால சைக்கிள் பிரயாணத்தைப் பற்றிய சர்வதேச மாநாடு 2013-ஆம் ஆண்டில் முதன்முதலாக அங்கே கூடியதில் வியப்பில்லை. ஆயினும் பழகியவரும் விழத்தான் செய்கிறார்கள். கடுங்குளிரில் இறுகிய பனியின்மேல் சக்கரம் ஓரளவு பற்றிக்கொள்ளும். பகலில் சற்றே உருகி இரவில் மீண்டும் உறைந்து, பாதையின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டிக் கிடக்கும் மெல்லிய பனிப்படலமே, அதாவது வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி ஏறி இறங்கும் நாட்களில் உண்டாகும் அந்தப் படலமே, அபாயம் மிகுந்தது.

அவ்வாறு விழுந்தவர்களிடம் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. விழுந்த முதல் மணி நேரத்தில் உடம்பு கொடுக்கும் வாக்குமூலத்தை முழுமையானதாகக் கொள்ளலாகாது. சில காயங்கள் மாலையிலும், சில இரண்டு வாரம் கழித்துமே தம்மை வெளிப்படுத்துகின்றன.

எழுந்து நிற்பதற்கு முன்

குளிர் தோலை மரத்துப்போகச் செய்கிறது; அதிர்ச்சி வலியை மறைக்கிறது; தடித்த மேலாடையும் கையுறையும் வீக்கத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிடுகின்றன; இவற்றோடு, வேலைக்கு நேரமாகிறதே என்ற பதற்றமும், பிறர் பார்க்கிறார்களே என்ற கூச்சமும் சேர்ந்துகொள்வதால், விழுந்தவர் சட்டென்று எழுந்து, சைக்கிளை நிமிர்த்தி, போய்விடுகிறார். அப்படிச் செய்ய வேண்டாம். கை கால் விரல்களை அசைத்துப் பார்க்க வேண்டும். கழுத்திலோ முதுகெலும்பிலோ வலி இருந்தால், அல்லது அவயவம் ஏதேனும் உணர்விழந்திருந்தால், எழ முயலாமல் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைக்கச் சொல்ல வேண்டும். உறைந்த தரையில் அசையாது கிடப்பவருடைய உடற்சூடு விரைவாகக் குறையும். ஆகையால் உதவிக்கு வருபவர் கழுத்தை அசைக்காமல், கையில் அகப்பட்ட கம்பளியையோ மேலாடையையோ அவர்மீது போர்த்த வேண்டும். கையில் அடிபட்டிருந்தால், வீங்குவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுவது நலம்.

கைப்பிடிக் கம்பியின் முனை வயிற்றில் இடித்திருந்தால், வெளியே சிறு சிராய்ப்புக்கூட இல்லாதபோதும் அதை அலட்சியம் செய்யலாகாது. மண்ணீரல் கிழிந்து உள்ளே இரத்தம் கசியும்போது, வயிற்றுவலியோடு இடது தோளிலும் வலி தோன்றுவதுண்டு. தலைசுற்றலும் சேர்ந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தென்றால் அதையும் வைத்தியரிடம் மறவாமல் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடைப்பட்ட பிரயாணத்தில் ஏற்படும் காயங்கள் பின்லாந்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுக்குள் அடங்குகின்றன.

தலையில் பட்ட அடி

தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும்; உள்ளே மூளை குலுங்குவதை முற்றிலும் தடுக்காது. நினைவு தப்பாவிட்டாலும் மூளை அதிர்ச்சி உண்டாகலாம். வரவர அதிகரிக்கும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அது அவசர சிகிச்சைக்கு உரியது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள், அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். முதியவர்களுக்கு மண்டையினுள் மெல்லக் கசியும் இரத்தம் சில வாரங்களுக்குப் பிறகே குழப்பமாகவும் நடைத் தள்ளாட்டமாகவும் வெளிப்படக்கூடும். அப்பொழுது பழைய விழுதலை வீட்டார்தாம் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

சாதாரண மூளை அதிர்ச்சிக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வும், அதன்பின் படிப்படியாகப் பழைய அலுவல்களுக்குத் திரும்புதலுமே சிகிச்சை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தலைவலியும் மயக்கமும் முற்றும் நீங்குவதற்குள் சைக்கிள் ஏறுவதும், மறுமுறை விழுவதும் பெருங்கேட்டைத் தரும்.

மணிக்கட்டின் சிற்றெலும்பு

விழுகிறவன் தன்னையறியாமல் கையை நீட்டி ஊன்றுகிறான். அந்த ஒரு கணத்தில் உடலின் பாரமும் வேகமும் உள்ளங்கையின் அடிப்பகுதியில் இறங்குகின்றன. முன்கை எலும்பு மணிக்கட்டருகில் முறிந்தால் கை கோணிப்போவதால் பெரும்பாலும் பார்த்தவுடனே தெரிந்துவிடும். என் கவலையெல்லாம் கட்டைவிரலின் அடியில், படகின் வடிவில் அமைந்த ஓர் எலும்பைப் பற்றியது. மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் மிக அதிகமாக முறிவது இதுதான். முறிந்தாலும் வீக்கம் சொற்பம்; கை கோணுவதில்லை; முதல் நாள் எக்ஸ்ரே படத்தில் முறிவு தெரியாமலும் போகலாம். 'சுளுக்குத்தான்' என்று எண்ணி எண்ணெய் தடவி நாள் கடத்துபவர்கள் அகப்பட்டுக்கொள்வது இங்கேதான்.

இவ்வெலும்புக்கு வரும் இரத்தத்தின் பெரும்பகுதி விரல் பக்கத்து நுனி வழியே புகுந்து பின்னோக்கிப் பாய்கிறது. ஆகையால் நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றி நசித்துப்போக இடமுண்டு. அப்படி நசித்தாலும், முறிந்த துண்டுகள் ஒட்டாமலே நின்றுபோனாலும், சில ஆண்டுகளில் மணிக்கட்டு தேய்ந்து, நிரந்தர வலிக்கு ஆளாக்கும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் தோன்றும் பள்ளத்தை அழுத்தும்போது வலித்தால், படம் என்ன சொன்னாலும், கட்டுப் போட்டுக்கொண்டு, பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் மறுபடியும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்; எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முறிவை முன்னதாகவே காட்டிவிடும். முறிவு உறுதியானால் மாவுக்கட்டு பலருக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை தேவைப்படும். அலுப்பூட்டும் காலந்தான். ஆனால் வலி போய்விட்டதென்று தாமே கட்டை அவிழ்த்துக்கொள்வது மிகப் பெரிய தவறு.

காறை எலும்பு

தோளின்மேல் விழுந்தவர்களுக்குக் காறை எலும்பு முறிகிறது. பெரும்பாலோருக்குக் கையைத் துணியால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டாலே அது கூடிவிடும். துண்டுகள் வெகுவாக விலகியிருந்தால்தான் அறுவை சிகிச்சை. கையைக் கட்டியிருக்கும் நாட்களிலும் விரல்களையும் முழங்கையையும் மடக்கி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு கூடியபின் அவை இறுகிப்போய்ப் புதிய துன்பம் தொடங்கும்.

இருண்ட மாதங்களில் எலும்பின் போஷாக்கு

அவ்வளவு வடக்கே குளிர்காலச் சூரியன் தாழ்ந்து செல்வதால், தோல் தானாக வைட்டமின் டி உண்டாக்கிக்கொள்ள இயலாது. இக்குறையைக் கருதியே பின்லாந்து 2003-ஆம் ஆண்டிலிருந்து பாலில் இச்சத்தைச் சேர்க்கச் செய்து, 2010-இல் அளவை இரட்டிப்பாக்கியது. ஒரு சர்க்கார் தன் மக்களின் எலும்புக்காக எடுத்துக்கொண்ட அந்த அக்கறை போற்றத் தக்கது. பால் அருந்தாதவர்கள், சிறப்பாக உஷ்ணப் பிரதேசங்களிலிருந்து அங்கே குடியேறிய கருநிறத்தோர், வைத்தியர் சொல்லும் அளவில் மாத்திரை உட்கொள்வது நல்லது. புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது.

மறுபடியும் சைக்கிளில்

விழுந்த இடத்தை நெருங்கும்போது கை நடுங்குவதும், தூக்கத்தில் திடுக்கிட்டு விழிப்பதும் கோழைத்தனத்தின் லட்சணங்கள் அல்ல. சில வாரங்களில் அவை தணியாவிட்டால் அவற்றையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சுவரில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி உடம்பைத் தாங்கவும், பிரேக்கை முழுபலத்தோடு இறுக்கவும், வலியின்றித் தோளுக்குமேல் திரும்பிப் பின்னால் வருவதைப் பார்க்கவும் முடிகிற நாள் வரையில் பஸ்ஸில் போவதே உத்தமம். அடிபட்ட தலைக்கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். ஆணி பதித்த டயர் ஒன்றுதான் வாங்க இயலுமென்றால் அது முன்சக்கரத்துக்கு உரியது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் நிற்கும் கால் பிரேக் உள்ள சைக்கிள்கள் பின்லாந்தில் ஏராளம். அவற்றை நிறுத்த விரல்களின் பலம் வேண்டியதில்லை, பனிமேல் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவதும் இல்லை. ஆதலால் மறுபடியும் சைக்கிள் ஏறும் முதல் சில வாரங்களுக்கு அத்தகைய சைக்கிளை இரவல் வாங்கியேனும் ஓட்டுவது நலம்.