தக்ளியும் உபாத்தியாயரும்

தொழிற்கல்விக்குக் கட்டடமும் கருவிகளும் இருந்தால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கற்பிக்கும் உபாத்தியாயருக்கு அந்தத் தொழிலின் மேல் மதிப்பு உண்டா என்று விசாரிப்பவர் அரிது. அந்த விசாரணை எவ்வளவு அவசியம் என்பதை வார்தாக் கல்வித் திட்டத்தில் காணலாம்.

1937-ம் வருஷம் அக்டோபர் மாதம் மகாத்மா காந்தியின் தலைமையில் வார்தாவில் கல்வி மகாநாடு கூடியது. அதையொட்டி அமைந்த ஜாகிர் ஹுஸேன் கமிட்டி, பள்ளி நேரத்தில் தினம் 3 மணி 20 நிமிஷத்தைக் கைத்தொழிலுக்கு ஒதுக்கியது. 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் திட்டத்தை ஏற்றது. சேவாகிராமத்தில் இலங்கைத் தமிழரான ஆரியநாயகமும் அவருடைய மனைவியார் ஆஷாதேவியும் அதற்காக உழைத்தார்கள்.

தினம் 3 மணி 20 நிமிஷம்! தொழிலில் பிரியமுள்ள உபாத்தியாயரானால், நூல் அறுந்ததும் பஞ்சுத் திரியை வாங்கிப் பார்ப்பார். பஞ்சு சரியாகக் கொட்டப்படவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். சுற்று ஒன்றுக்கு 4 அடி, 640 சுற்று ஒரு சிட்டம் என்பதிலிருந்து பெருக்கல் கணக்கு பிறக்கும். பருத்தி விளையும் கரிசல் மண்ணிலிருந்து பூகோளமும், மில் துணி வந்த கதையிலிருந்து சரித்திரமும் கிளைக்கும். தொழிலை இழிவாக நினைப்பவரிடமோ, பிள்ளைகள் பாட்டுக்குத் தக்ளியைச் சுற்றுவார்கள். அவர் பாட்டுக்கு ஹாஜர்ப் பட்டியை எழுதுவார். மாதக் கடைசியில் நூலின் எடை மட்டும் மேலதிகாரிக்குப் போகும். வருமானத்தில் கண் வைத்துக் கல்வியை மறக்கும் இந்த அபாயத்தைக் கமிட்டியாரே தங்கள் அறிக்கையில் எச்சரித்திருந்தார்கள்.

உபாத்தியாயர்களுக்கு மூன்று வருஷப் பயிற்சியும், அவசரத்துக்கு ஒரு வருஷப் பயிற்சியும் வகுத்தார்கள். நூற்கும் வித்தை ஒரு வருஷத்தில் கைவந்துவிடும். ஆனால் கையால் உழைப்பது தாழ்வு என்று தலைமுறை தலைமுறையாக ஊறிய எண்ணம் ஒரு வருஷத்தில் போகுமா?

பழி முழுவதையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமன்று. கிராம உபாத்தியாயரின் சம்பளம் சொற்பம். மேலும், "தொழிற்பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்கு நல்லதுதான்" என்று திண்ணையில் பேசிவிட்டு, நம் குழந்தைகளை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பியவர்கள் நாமல்லவா? அவரும் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்!

1950-ல் தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின்கீழ் இன்று நாடெங்கும் ஐ.டி.ஐ.கள் நடக்கின்றன. தக்ளி இருந்த இடத்தில் அரமும் கடைசல் இயந்திரமும் வந்துவிட்டன. சங்கதி என்னவோ பழையதுதான். பிட்டர் வகுப்பில் மாணவன் ராவிய இரும்புத் துண்டைப் பாராமலே "சரி, போ" என்பவரும் உண்டு. மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்த்து, "இன்னும் கொஞ்சம் ராவு" என்று திருப்பிக் கொடுப்பவரும் உண்டு. பின்னவரிடம் படித்த பையன், அடுத்த துண்டை அவரிடம் கொண்டுபோகுமுன் தானே ஜன்னலோரம் போய்த் தூக்கிப் பார்க்கிறான்.