பழைய சேலையும் பஞ்சுப் போர்வையும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது முதுமொழி. உடுத்தும் துணிக்கு இவ்விதியை நாம் தவறாமல் கைக்கொள்கிறோம். ஆனால் போர்த்தும் துணிக்கு? பஞ்சு அடைத்த கனத்த போர்வையை வாரந்தோறும் துவைக்க யாரால் முடியும்? தலையணைக்கு உறை இடுவதுபோல் போர்வைக்கும் உறை இட்டுவிட்டால், உறையை மட்டும் துவைத்தால் போதும். அதையும் பழைய நூல் சேலையிலேயே தைத்துக்கொள்ளலாம். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கும்மிடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்திற்கும் இடையில் உள்ளது எங்கள் எளாவூர். கிழக்கே பழவேற்காடு ஏரி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனியில் வேலைக்குப் போய் வருபவர்கள் இங்குப் பலர். அவர்களுக்குப் பஞ்சுப் போர்வை ஆடம்பரம் அன்று.

போர்வை தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பஞ்சிழைகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்றே நம் உடல் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 0.025, நீருக்கோ 0.6. அதாவது 24 மடங்கு! நனைந்த பஞ்சு கட்டி கட்டியாய்த் திரண்டு, உலராமல் பூஞ்சை பிடிப்பதும் உண்டு. ஆகவேதான் போர்வையை நனைக்காமல் காப்பது அவசியமாகிறது.

அழுக்கு மட்டுமா பகை? நாம் உறங்கும்போது உதிரும் தோல் துகள்களைத் தின்று வாழும் நுண்ணிய தூசிச் சிற்றுண்ணிகளும் உண்டு. வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்கு இவையே காரணமாகலாம் என்று 1964-இல் நெதர்லாந்து ஆய்வாளர் வூர்ஹார்ஸ்ட் குழுவினர் எடுத்துக்காட்டினர். 55 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைத்தால் இவை மடியும். உறை இவற்றை முற்றிலும் தடுத்துவிடாது. ஆனால் அடிக்கடி துவைக்க வழிசெய்யும். இழுப்பு நோயால் இரவில் எழுந்து உட்காரும் தம்பி உள்ள வீட்டில், இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று.

இனி அளவைக் காண்போம். 60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உள்ள போர்வைக்கு இரண்டு சேலைகள் தேவை. ஐந்தரை மீட்டர் சேலை ஏறத்தாழ 216 அங்குலம். அகலம் 46 அங்குலம். பள்ளிக்கூடம் போகாத என் தாயார் முழங்கையால் அளந்தே "மூன்றரை முழம் வெட்டு" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 63 அங்குலம்! ஒரு சேலையில் மூன்று துண்டுகள் கிடைக்கும். உறைக்கு நான்கு துண்டுகள் போதும்; மீதி இரண்டும் தலையணை உறைக்கு ஆகும்.

கரையோடு கரை சேர்த்து இரண்டிரண்டு துண்டுகளாக இணைக்க வேண்டும். கரையில் நூல் பிரியாது. பக்கவாட்டில் வெட்டிய ஓரங்கள் பிரியும். எனவே முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்கத் தைத்து, பிறகு உட்புறம் திருப்பி மறுபடியும் ஒரு தையல் இடுக. தலைமாட்டை மூடித் தைத்து, கால்மாட்டைத் திறந்து விடுக. அங்கு மிஞ்சும் ஆறு அங்குலத்தை உள்ளே மடித்து, நான்கு இடங்களில் நாடா வைத்தால் போதும். மிஷின் இல்லாதவர்கள் கையாலேயே தைக்கலாம்.

உறை இறுகினால் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறும்; மிகத் தளர்ந்தால் போர்வை ஒரு மூலையில் சுருண்டுகொள்ளும். ஆகவே உறையின் உள்மூலைகளிலும் போர்வையின் மூலைகளிலும் நாடா தைத்து முடிந்துவிட வேண்டும். புதுத் துணி முதல் சலவையில் சுருங்கும். பலமுறை துவைத்த சேலைக்கு அக்கவலை இல்லை. ஆனால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நைந்த பகுதியை நீக்கிவிடுக.

பழஞ்சேலையை அடுக்கித் தைத்த வங்காளத்தின் 'காந்தா'வும் பீகாரின் 'சுஜனி'யும் இன்று கலைப்பொருள்களாகப் போற்றப்படுகின்றன. அவையும் வீட்டுப் பெண்கள் தம் குடும்பத்தாருக்காகத் தைத்தவையே. இயற்பியல் நூல் எனக்குக் கற்பித்தது காற்றின் குணத்தை; முழக்கணக்கைக் கற்பித்தவர் என் தாயார். இரண்டும் சேர்ந்தபோதுதான் உறை சரியாக அமைந்தது. நண்பர்களே, அடுத்த மார்கழிக்குள் உங்கள் வீட்டிலும் ஓர் உறை தைத்துப் பாருங்கள்!