அலை பிறக்கும் பெட்டி – 6: வெளியே வராதே!

ரேடியோவைச் சோதிக்க அலை தரும் பெட்டிதான் சிக்னல் ஜெனரேட்டர். அதற்குள் சுருளும் மாறும் கொள்ளளவியும் சேர்ந்து அலையை எழுப்புகின்றன. பின்னால் நிற்கும் தாங்கல் படி, வெளிச்சுமை அந்த அலையியற்றியை அசைக்காமல் காக்கிறது. போன வாரம் வரைக்கும் கதை இவ்வளவுதான். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுங்கள், இங்கே இடமில்லை.

இந்த வாரம் பண்பேற்றம், அதாவது அலையின் மேல் ஒலியை ஏற்றுவது, என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எழுத உட்கார்ந்ததும் ஒரு பித்தளைக் குழாய் குறுக்கே வந்துவிட்டது. அதைத் தள்ளிவைக்க மனம் வரவில்லை.

ஹட்டனில் ரேடியோ திருத்துகிறவரிடம் சிக்னல் ஜெனரேட்டர் என்று சொல்லிப்பாருங்கள். முதலில் வாயில் வரும் எண் 455தான். ஜெனரேட்டரை 455 கிலோஹேர்ட்ஸில் வைத்து, ஐ.எஃப். (இடை மீடிறன்) சுருள் இருக்கும் கேனின் தலையில் உள்ள ‘கோர்’ திருகை மெல்லத் திருகி, சத்தம் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் விடுவார். அந்த வேலைக்குக் கொஞ்சம் பலமான சிக்னலே போதும். ஆனால் அந்த ரேடியோ போய்ச் சேரப்போவது மலை மறைவில் இருக்கும் ஒரு லயத்துக் காம்பராவுக்கு. அங்கே ஏரியலில் விழுவது சில மைக்ரோவோல்ட். அதற்கும் அது பாடுமா என்று பார்க்க வேண்டுமானால், ஜெனரேட்டரும் அதே சில மைக்ரோவோல்ட்டைத்தான் கொடுக்க வேண்டும்.

உள்ளே பிறக்கும் அலை 0.1 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெளியே வேண்டியது ஒரு மைக்ரோவோல்ட். இலட்சத்தில் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் 100.

இதிலென்ன பெரிய காரியம், தடையிகளை ஏணிபோல் அடுக்கி, படிக்குப் பத்தில் ஒன்றாக ஐந்து படி இறக்கினால் முடிந்ததே என்பீர்கள். தாளில் முடிந்துவிடும். பெட்டிக்குள் முடியாது. ஏணியின் தலைக்கும் காலுக்கும் இடையே, யாரும் வைக்காமல், காற்றின் வழியாகவே அரை பிக்கோபரட் கொள்ளளவு இருக்கிறது என்று எடுங்கள். 100 மெகாஹேர்ட்ஸில் அது 3,000 ஓமுக்குச் சற்று மேற்பட்ட மறிப்புத்தான். வெளியீட்டில் 50 ஓம் இருந்தால், இந்தக் கள்ளப்பாதையால் மட்டும் வந்து இறங்குவது ஏறக்குறைய ஒன்றரை மில்லிவோல்ட். நாம் கேட்டதைப்போல ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு மடங்கு! அதனால்தான் நல்ல ஜெனரேட்டரைத் திறந்தால் ஏணியின் ஒவ்வொரு படியும் தனித்தனி உலோக அறைக்குள் குடியிருக்கிறது. அலையியற்றிக்கு ஒரு பெட்டி, அதைச் சுற்றி இன்னொரு பெட்டி. உள்ளே போகும் மின்வயர்கூடச் சும்மா போக முடியாது. சுவரைத் துளைக்கும் இடத்தில் ஒரு கொள்ளளவி அலையைப் பிடித்துச் சுவரிலேயே இறக்கிவிடும்.

மலிவுப் பெட்டிகளில் இந்த அறைகளில் பிடித்த சிக்கனம் நன்றாகத் தெரியும். ஒரு கடையில், பெயர் தெரியாத ஒரு ஜெனரேட்டரைக் கடைசி வரைக்கும் குறைத்து, லீட்டையும் பிடுங்கி மேசையில் போட்டார் கடைக்கார அண்ணன். ரேடியோ விடாமல் ஊவென்றது. “பாருங்க தம்பி, வயரே இல்லாமப் பாடுது” என்றார். மூடியின் இடுக்கிலிருந்தும் கரண்ட் வயரிலிருந்தும் கசிந்த அலை அது.

வானொலி நிலையத்தின் பாடு இதற்கு நேர்மாறு. 1923இல் எட்வர்ட் ஹார்ப்பர் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து இசைத்தட்டை ஒலிபரப்பிப் பார்த்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோப் பாகங்களை வைத்து அந்த ஒலிபரப்பியைக் கட்டினார்கள் என்பது வானொலிக்காரர்களுக்குப் பிடித்த கதை. 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. அலையை எப்படியாவது வெளியே தள்ளுவது ஹார்ப்பர் பாடு. சிக்னல் ஜெனரேட்டரும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையந்தான், ஆனால் அதைக் கட்டுகிறவரின் முழுப்பாடும் அலையை வெளியே விடாமல் வைப்பதில் போகிறது.

இனி, தடையி ஏணிக்குப் பதிலாக வரும் அந்தப் பித்தளைக் குழாய். இரு முனையும் திறந்த ஓர் உலோகக் குழாய். ஒரு முனையில் அலையியற்றிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வளையம். மறுமுனையிலிருந்து உள்ளே தள்ளவும் இழுக்கவும் கூடிய தண்டின் நுனியில் இன்னொன்று. அலைநீளம் குழாயின் விட்டத்தைவிட மிகப் பெரிதாக இருந்தால் அலை உள்ளே ஓடாது, தேய்ந்து சாகும். குழாய்க்குள் மின்காந்த அலைகள் எப்படிப் போகும், எப்போது போகாது என்ற கணிதத்தை ரேலி பிரபு 1897இலேயே போட்டுவிட்டார். என்னை மயக்கியது அந்தத் தேய்வின் ஒழுங்கு. தண்டை ஒரு விட்டம் பின்னால் இழுத்தால் 32 டெசிபல், அதாவது வோல்ட் நாற்பதில் ஒன்று. இரண்டு விட்டத்துக்கு 1,600இல் ஒன்று, மூன்றுக்கு 64,000இல் ஒன்று. ஒரு மெகாஹேர்ட்ஸானாலும் நூறானாலும் அதே கணக்கு. தடையி இல்லை, சூடேறி மாறுவதற்கும் எதுவுமில்லை. குழாயைத் துல்லியமாகக் கடைந்தால் போதும், அளவுகோலால் மைக்ரோவோல்ட்டை அளக்கலாம்! ஹியூலெட்-பேக்கார்ட் 608 வரிசை ஜெனரேட்டர்கள் இப்படி ஒரு குழாயை வைத்துத்தான் 0.1 மைக்ரோவோல்ட் வரை இறங்கின.

குறை ஒன்று உண்டு. வளையங்கள் மிக நெருங்கியிருக்கையில் வேறு வடிவப் புலங்களும் உயிரோடிருப்பதால் 32 டெசிபல் ஒழுங்கு பிசகும். அவை சீக்கிரம் செத்துவிடும் என்றாலும், அந்த முதல் தூரத்தை அளவீட்டில் சேர்க்க முடியாது. அதனால் அலையின் பெரும்பங்கு தொடக்கத்திலேயே வீண்.

இப்படியொரு குழாயைப் பார்க்க நம்மவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. கொட்டகலைக்கும் ஹட்டனுக்கும் இடையே அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமான சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது. ரயிலில் ரேடியோவோடு போய்ப்பாருங்கள். 1,000 கிலோஹேர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் 300 மீட்டர். சுரங்கத்தின் அகலம் ஐந்து மீட்டர் அளவு. நிலையம் வாசலைத் தாண்டியதும் அமுங்கிப்போகும். மூன்று மீட்டர் அலைநீளமுள்ள எஃப்.எம். இன்னும் சற்று உள்ளே தாக்குப்பிடிக்கும். பாறை செம்பல்ல, தண்டவாளமும் கொஞ்சம் அலையைக் கூட்டிவரும்; ஆகவே 32 டெசிபல் அச்சொட்டாகப் பொருந்தாது.

பண்பேற்றம் அடுத்த வாரம். அலையியற்றியிலேயே நேராகப் பண்பேற்றினால் வீச்சோடு மீடிறனும் சேர்ந்து ஆடும். 608ஐக் கட்டியவர்கள் அதற்குத் தனியாக ஒரு படி வைத்தார்கள். அந்தப் படியிலிருந்து தொடங்குவோம்.